கருவின் நாட்காட்டியும் விசாவின் நாட்காட்டியும்

எம்எஸ்சி கடைசி ஆண்டில் இருக்கும் ஒருவர் "ஸ்டெம் செல்லில் பிஎச்டி பண்ண அமெரிக்காவில் எங்கே நல்லது?" என்று கேட்டால் பெரும்பாலும் பதிலாகக் கிடைப்பது ஒரு பல்கலைக்கழகப் பட்டியல். பட்டியலில் தவறில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமான யூசிஎஸ்எஃப்பிலும் டியூக்கிலும் கருவளர்ச்சி உயிரியல், ஸ்டெம் செல் (தன்னைப் புதுப்பித்துக்கொண்டு வேறு வகைச் செல்களாகவும் மாறும் செல்) உயிரியல் இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்த திட்டங்கள் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டெம் செல்லுக்கும் மீளாக்க மருத்துவத்துக்கும் தனித் திட்டம் உண்டு. மற்ற பல இடங்களில் இதே ஆய்வு "உயிர்மருத்துவ அறிவியல்" என்ற பெரிய குடையின் கீழ் நடக்கிறது. ஆனால் வெளிநாட்டு மாணவர் முதலில் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. முதலாண்டில் என் சம்பளம் யார் பையிலிருந்து வரும்? நான் எந்த உயிரியை வைத்து வேலை செய்யப்போகிறேன், அதற்கு ஒரு தலைமுறைக்கு எத்தனை நாள்? இவற்றுக்கு விடை கிடைத்தால் ராங்க் பட்டியலைத் திரும்பப் பார்க்கத் தோன்றாது.

பணத்திலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் உயிர்மருத்துவ பிஎச்டிக்கு மாணவர் கட்டணம் கட்டுவதில்லை. கட்டணமும் மருத்துவக் காப்பீடும் போக, மாதாமாதம் வாழ்க்கைச் செலவுக்கான ஸ்டைபெண்டும் வரும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பணம் ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறு இடத்திலிருந்து வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதலாண்டில் நீங்கள் இன்னும் எந்த லேபிலும் சேர்ந்திருக்கமாட்டீர்கள், ஆகவே செலவைத் திட்டம்தான் ஏற்கவேண்டும். பல திட்டங்கள் அதற்கு நம்பியிருப்பது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் தரும் டி32 என்ற பயிற்சி மானியத்தை. அதிலிருந்து அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே சம்பளம் தரமுடியும். தனி மாணவருக்கான எஃப்31 மானியம், தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப்பின் பட்டதாரி ஆய்வு உதவித்தொகை இரண்டுக்கும் இதே விதி. ஒரு திட்டத்தில் பத்து இடம், அதில் ஆறுக்கு டி32 பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுவதிலிருந்தும் வரும் விண்ணப்பங்கள் மிச்சமுள்ள நான்குக்குத்தான் மோதுகின்றன. உங்கள் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அரசுப் பல்கலைக்கழகமென்றால் இன்னொரு முடிச்சும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் வெளிமாநில, வெளிநாட்டு முதுநிலை மாணவருக்கு ஆண்டுக்கு 15,102 டாலர் கூடுதல் கட்டணம். அமெரிக்க மாணவர் ஓராண்டு அங்கே வசித்து அந்த மாநிலத்தவராகிவிடலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவருக்கு அந்த வழி கிடையாது. தகுதித் தேர்வு முடித்து முனைவர்பட்டத்துக்கு வேட்பாளரானதும் இந்தக் கூடுதல் கட்டணம் மூன்று ஆண்டு வரை தள்ளுபடியாகும். மூன்றாண்டு கடந்தால் திரும்ப வந்துவிடும். இந்தத் தொகையை நீங்கள் கட்டப்போவதில்லை, திட்டமோ வழிகாட்டியோதான் கட்டுவார்கள். ஆனால் ஐந்தாமாண்டு இறுதியில் "சீக்கிரம் முடி" என்று வழிகாட்டி அவசரப்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நல்ல செய்தி இரண்டாமாண்டில் தொடங்குகிறது. லேபில் சேர்ந்தபின் ஸ்டைபெண்ட் பெரும்பாலும் பேராசிரியரின் ஆர்01 போன்ற ஆய்வு மானியத்திலிருந்து வரும். அதில் குடியுரிமைத் தடை இல்லை. அதனால்தான் விண்ணப்பிக்கும்போதே "வெளிநாட்டு மாணவர்களின் முதலாண்டுச் செலவுக்கு என்ன ஏற்பாடு?" என்று திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவது மரியாதைக்குறைவு ஆகாது. தெளிவாகப் பதில் வந்தால் விண்ணப்பக் கட்டணத்தைச் செலவழிக்கலாம். "இந்த ஆண்டு மிகக் குறைவாகத்தான் எடுக்கிறோம்" என்று வந்தால் அந்தப் பணத்தை வேறு விண்ணப்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கட்டண விலக்கு கேட்பதற்கும் அதுவே சமயம். சில இடங்களில் கேட்டால் கிடைக்கும், கேட்காதவருக்கு யாரும் தரமாட்டார்கள்.

எந்த நாட்டில் எதை ஆராயலாம் என்பதையும் இந்தத் துறையில் சட்டம்தான் முடிவு செய்கிறது. அமெரிக்காவில் 1996 முதல் நடப்பிலிருக்கும் டிக்கி-விக்கர் திருத்தத்தின்படி, மனிதக் கருவை உருவாக்கும் அல்லது அழிக்கும் ஆய்வுக்குக் கூட்டாட்சிப் பணம் செல்லாது. புதிய வரிசைகளுக்குக் கூட்டாட்சிப் பணத்தை மறுத்து 2001இல் வந்த கட்டுப்பாடு 2009இல் தளரும்வரை, புதிய மனிதக் கரு ஸ்டெம் செல் வரிசைகளில் (லேபில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல் வம்சங்களில்) வேலை செய்த லேப்கள் அதற்கென்று தனி இன்குபேட்டர், தனி நுண்ணோக்கி, தனிக் கணக்கு வைத்திருந்தன. அந்தக் காலத்தில்தான் கலிஃபோர்னியா மக்கள் 2004இல் வாக்களித்து 300 கோடி டாலர் கடன்பத்திரத்தில், ஸ்டெம் செல் ஆய்வுக்குப் பணம் தரும் சிர்ம் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். 2020இல் இன்னொரு வாக்கெடுப்பில் அதற்கு மேலும் 550 கோடி டாலர் கிடைத்தது. அந்த மாநிலத்தில் ஸ்டெம் செல் லேப்கள் இவ்வளவு நெருக்கமாக முளைத்ததற்கு இது பெரிய காரணம். ஜெர்மனியில் மனிதக் கருவிலிருந்து வரிசை உருவாக்குவதே குற்றம். இறக்குமதி செய்யலாம், ஆனால் 2007 மே 1க்கு முன் உருவானவற்றை மட்டும், அதுவும் அனுமதி பெற்று. பிரிட்டனில் உரிமம் வாங்கிக்கொண்டு 14 நாள் வரை கருவை வளர்த்து ஆராயலாம். மனிதக் கருவின் முதல் வாரத்தைப் பற்றிய கேள்வியோடு ஜெர்மனிக்குப் போகிறவர், கடைசியில் எலிக் கருவோடுதான் உட்காரவேண்டியிருக்கும்.

2006இல் தகாஹாஷியும் யமனகாவும் நான்கு மரபணுக்களைக் கொண்டு எலியின் தோல் செல்லைக் கரு ஸ்டெம் செல் போன்ற நிலைக்குப் பின்னோக்கித் திருப்பியபிறகு இந்த நெருக்கடி பாதி தணிந்தது. இப்படிக் கிடைக்கும் ஐபிஎஸ் செல்லுக்குக் கருவே தேவையில்லை. இன்று நீங்கள் சேரும் லேபில் மனித ஸ்டெம் செல் என்றால் பெரும்பாலும் அது ஐபிஎஸ் ஆகத்தான் இருக்கும்.

அடுத்து விண்ணப்பம். கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் இறுதி, டிசம்பர் தொடக்கம். ஜனவரி, பிப்ரவரியில் நேர்காணல். ஏப்ரல் 15க்குள் நீங்கள் முடிவு சொல்லவேண்டும். ஜிஆர்இ பெரும்பாலான உயிரியல் திட்டங்களில் போய்விட்டது. டோஃபல் பல இடங்களில் இன்னும் கேட்கிறார்கள், மதிப்பெண் இரண்டாண்டு செல்லும். மூன்றாண்டு பிஎஸ்சி மட்டும் உள்ளவர்கள், நான்காண்டு இளநிலைக்குச் சமமாக அந்தப் பல்கலைக்கழகம் அதை ஏற்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடவேண்டும். எம்எஸ்சியோ பிடெக்கோ இருந்தால் இந்தக் கவலை இல்லை. சிஜிபிஏவை நீங்களாகவே நாலுக்கு மாற்றி எழுதாதீர்கள். பத்துக்கு எத்தனையோ அதை அப்படியே போடுங்கள், மாற்றுவது அவர்கள் வேலை.

பலர் கோட்டைவிடுவது நோக்க அறிக்கையில்தான். "பாட்டியின் பார்க்கின்சன் நோயைப் பார்த்தபோது ஸ்டெம் செல்லின் அற்புதம் எனக்குப் புரிந்தது" என்று தொடங்கி, பிசிஆர், வெஸ்டர்ன், ஃப்ளோ சைட்டோமெட்ரி என்று கருவிப் பட்டியலில் முடியும் அறிக்கையைத் தேர்வுக் குழு முதல் பத்தியோடு மூடிவிடும். அவர்களுக்கு வேண்டியது ஒரு கேள்வி, ஒரு சோதனை, அது ஏன் சொதப்பியது என்ற நேர்மையான விளக்கம். நம் ஊர் எம்எஸ்சி ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் வேலையையே எடுத்துக்கொள்வோம். தொப்புள்கொடியிலோ பல்கூழிலோ எலும்பாக மாறக்கூடிய மெசன்கைமல் செல்லைப் பிரித்து, மூன்று வாரம் எலும்பாக மாறத் தூண்டும் மீடியத்தில் (வளர்ப்புத் திரவத்தில்) வைத்து, கால்சியத்தைச் சிவப்பாகக் காட்டும் அலிசரின் ரெட் சாயமேற்றி, சிவப்பைப் பார்த்ததும் "எலும்பானது" என்று எழுதிவிடுகிறோம். அந்த மீடியத்தில் வழக்கமாக 10 மில்லிமோலார் பீட்டா-கிளிசரோபாஸ்பேட் இருக்கும். அந்த அளவில் செல் எலும்பாக மாறாமலேயே கால்சியம் பாஸ்பேட் படிந்து சிவப்புக் காட்டலாம். "சிவப்பு வந்தது, ஆனால் எலும்பு மரபணுக்களின் அளவு ஏறவில்லை, அதனால் பாஸ்பேட்டைக் குறைத்து, தட்டில் செல் இல்லாத குழி ஒன்றையும் வைத்துத் திரும்பச் செய்தேன்" என்று எழுதுகிறவர் அந்தக் குழுவில் எல்லார் நினைவிலும் நிற்பார்.

இதே செல்லில் இன்னொரு குழியும் இருக்கிறது. மெசன்கைமல் ஸ்டெம் செல் என்ற பெயரை 1991இல் வைத்த ஆர்னல்ட் காப்லனே 2017இல் அந்தப் பெயரை மாற்றச் சொல்லி எழுதினார். உடலுக்குள் அவை ஸ்டெம் செல்லாக நடந்துகொள்வதற்கான சான்று போதாது என்பது அவருடைய வாதம். செல்லின் மேற்பரப்பில் சிடி73, சிடி90, சிடி105 என்ற மூன்று மார்க்கரும் (அடையாளப் புரதங்களும்) இருந்தால் ஸ்டெம் செல் ஆகிவிடும் என்று நேர்காணலில் சொன்னால் அடுத்த கேள்வி நிச்சயம்: "சாதாரண இணைப்புத்திசுச் செல்லான ஃபைப்ரோபிளாஸ்டிலும் இந்த மூன்றும் உண்டே?" ஸ்டெம் செல்லுக்கு வரையறை இரண்டே: தன்னைத் தானே புதுப்பிக்கவேண்டும், வேறு வகைச் செல்களாகவும் பிரியவேண்டும். இரண்டையும் ஒரே செல் செய்தது என்று காட்டவேண்டும். 1961இல் டில்லும் மெக்கல்லாக்கும் கதிர்வீச்சு கொடுத்த எலிக்கு எலும்புமஜ்ஜை செலுத்தி, மண்ணீரலில் எழுந்த முடிச்சுகளை எண்ணியதிலிருந்து இந்தத் துறையின் பாதிக் கதை அதை நிரூபிக்கும் முறைகளின் கதைதான். குடலில் எல்ஜிஆர்5 என்ற மார்க்கர் உள்ள செல்தான் ஸ்டெம் செல் என்பதை 2007இல் மார்க்கரைக் காட்டி யாரும் நிறுவவில்லை. அந்தச் செல்லுக்கு அழியாத நிறம் கொடுத்து, மாதக்கணக்கில் அதன் வாரிசுகளைத் தொடர்ந்துதான் நிறுவினார்கள். ஒரு மார்க்கரைச் சொன்னதும் "இதை எப்படி நிரூபிப்பாய்?" என்று கேட்பார்கள். வாரிசுத் தடமறிதல், தொடர் மாற்றுப்பொருத்தம் (செல்லை ஓர் எலியிலிருந்து அடுத்த எலிக்கு மாற்றிக்கொண்டே போவது) என்ற இரண்டையும் வரைந்து விளக்கத் தெரிந்திருந்தால் அரைமணி நேர்காணல் ஓடிவிடும்.

பரிந்துரைக் கடிதம் மூன்று. "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்ற நம் வழக்கம் இங்கே பெரிய கெடுதல். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருப்பதைப் படிக்கிறவர் இரண்டாம் நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். துறைத்தலைவர் எழுதும் "ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர்" கடிதத்தைவிட, பக்கத்து பெஞ்சில் நின்று உங்கள் நோட்டுப்புத்தகத்தைப் பார்த்த இளம் விஞ்ஞானியின் கடிதம் பத்து மடங்கு பெறும். கடிதம் நிறுவன மின்னஞ்சலிலிருந்து போகவேண்டும், ஜிமெயில் முகவரி சந்தேகத்தைக் கிளப்பும். அப்படி எழுத ஆள் இல்லையென்றால் ஓரிரு ஆண்டு திட்ட உதவியாளராக வேலை செய்துவிட்டு விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம். பெங்களூரில் இன்ஸ்டெம், என்சிபிஎஸ், ஹைதராபாத்தில் சிசிஎம்பி, வேலூர் சிஎம்சி வளாகத்தில் ஸ்டெம் செல் ஆய்வு மையம் என்று ஆய்வு நிறுவனங்கள் உண்டு. வேலூரில் இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா ஏ நோயாளிகள் ஐந்து பேரின் இரத்த ஸ்டெம் செல்லில், உறைதலுக்கு வேண்டிய எட்டாம் காரணியின் மரபணுவை லென்டிவைரஸால் ஏற்றித் திரும்பச் செலுத்திய சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அந்த மாதிரி இடத்தில் ஓராண்டு கழித்தவருக்கு நோக்க அறிக்கையில் எழுத விஷயத்துக்குப் பஞ்சமிருக்காது.

விசா நேர்காணலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரைகளுக்கு மேல் சேர்க்க அதிகமில்லை. பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்ற படிவம் வந்ததும் மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், பிறகு டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பம், பிறகு தூதரகம். ஆய்வைப் பற்றிக் கேட்டால் "எலியின் இதயம் கருவில் எப்படி உருவாகிறது என்று பார்க்கிறேன்" என்ற அளவில் நிறுத்துங்கள். வைரஸ், ஜீன் எடிட்டிங், மனிதக் கரு என்று சொற்களை அடுக்கினால் கோப்பு கூடுதல் பரிசீலனைக்குப் போய் வாரக்கணக்கில் முடங்கக்கூடும். பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும், எளிய சொல்லில் பதில் சொல்லச் சொல்கிறேன்.

போய்ச் சேர்ந்தபின் முதலாண்டில் வழக்கமாக மூன்று ரொட்டேஷன் (வெவ்வேறு லேபில் சோதனைக் காலம்), ஒவ்வொன்றும் எட்டு முதல் பத்து வாரம். லேப் தேர்வில் வெளிநாட்டு மாணவருக்குக் கைகொடுக்கும் கருவி ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது: என்ஐஎச் ரிப்போர்ட்டர் தளம். பேராசிரியர் பெயரைப் போட்டால் அவருடைய மானியங்களும் அவை முடியும் தேதியும் வந்துவிடும். நீங்கள் இரண்டாமாண்டு தொடங்கும்போது அவருடைய ஒரே ஆர்01க்கு ஓராண்டுதான் மிச்சம் என்றால், "புதுப்பிப்பு எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேட்காமல் சேராதீர்கள். அமெரிக்கச் சகமாணவருக்கு எஃப்31 என்ற தப்பிக்கும் வழி உண்டு. உங்களுக்கு அது இல்லை.

உயிரிகளின் நாட்காட்டிக்கு வருவோம். பழ ஈ 25 டிகிரியில் பத்து நாளில் அடுத்த தலைமுறை. சி. எலிகன்ஸ் என்ற புழு மூன்று நாள். வரிக்குதிரை மீன் மூன்று மாதம், ஆனால் கரு கண்ணாடி போலத் தெரியும், 28.5 டிகிரியில் முதல் நாளிலேயே கண்ணும் முதுகெலும்புக் கணுக்களும் பார்த்துவிடலாம். சுண்டெலி? கர்ப்பம் 19, 20 நாள், பால்மறக்க மூன்று வாரம், இணைசேரத் தகுதியாக ஆறு முதல் எட்டு வாரம் வயது. இணைசேர்ப்பிலிருந்து அடுத்த இணைசேர்ப்புக்குச் சராசரி பத்து வாரம். ஒரு மரபணுவைக் குறிப்பிட்ட திசுவில் மட்டும் நீக்கவேண்டுமானால் கிரீ (டிஎன்ஏவை வெட்டும் நொதி) ஒரு எலியிலும் ஃப்ளாக்ஸ் செய்த (அந்த வெட்டுக்கான குறி வைத்த) மரபணு இன்னொரு எலியிலும் இருக்கும். முதல் தலைமுறையில் இரண்டையும் ஓர் எலிக்குள் கொண்டுவரவேண்டும். அதை மறுபடி இரண்டு பிரதியும் ஃப்ளாக்ஸ் ஆன எலியோடு சேர்த்தால் நாலில் ஒரு கருதான் நமக்கு வேண்டியது. வாரிசு நிறத்துக்கான ரிப்போர்ட்டர் மரபணுவை ஒற்றைப் பிரதியாகச் சேர்த்தால் எட்டில் ஒன்று. ஒரு வயிற்றில் எட்டுக் கரு என்றால் கிடைப்பது ஒன்றே ஒன்று. ஒரே பருவத்தில் ஐந்து வேண்டுமென்றால் குறைந்தது ஐந்து தாய் எலி. காலையில் பிளக் (இணைசேர்ந்ததற்கான அடையாளம்) தெரிந்த எலியெல்லாம் கர்ப்பமாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை. எலி வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரவேண்டுமானால் தனிமைப்படுத்தல், நோய்க்கிருமி இல்லாத எலியாக மறு உருவாக்கம் என்று மேலும் மாதங்கள். இரண்டு மரபணுவும் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கணக்கே கவிழும். சில கிரீ வரிசைகள் கருமுட்டையிலேயே வேலையைத் தொடங்கிவிடும், அப்போது குட்டிகளில் எல்லாத் திசுவிலும் மரபணு போய்விட்டிருக்கலாம். முதல் சரியான கரு கைக்கு வரும்போது ஓராண்டு கழிந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எனவே எலி லேபில் ரொட்டேஷன் செய்யும்போது "எனக்கான எலி ஏற்கெனவே கூண்டில் இருக்கிறதா?" என்று கேட்பது அற்பக் கேள்வியே இல்லை.

மனித ஐபிஎஸ் செல்லுக்குத் தலைமுறைக் காத்திருப்பு இல்லை. பதிலுக்கு அது விடுமுறையைத் தின்னும். வழக்கமான மீடியத்தில் தினமும் மாற்றவேண்டும், நாலைந்து நாளுக்கொரு முறை பிரித்து நடவேண்டும். ஒற்றைச் செல்லாகப் பிரித்தால் பெரும்பாலானவை செத்துப்போகும். ஒய்-27632 என்ற ராக் தடுப்பானை 10 மைக்ரோமோலார் சேர்த்தால் பிழைக்கும் என்பதை 2007இல் கோபேயில் ரிக்கென் லேப் காட்டியபிறகு அது எல்லார் ஃபிரீசரிலும் இருக்கிறது. ஒரு நாள் கழித்து அதை எடுத்துவிட மறந்தால் செல்கள் வால் முளைத்ததுபோல் நீண்டு, காலனி வடிவம் குலையும். பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. நீண்டநாள் வளர்ப்பில் 20ஆம் குரோமோசோமின் கியூ11.21 பகுதி இரட்டிக்கக்கூடும். அங்கேயுள்ள பிசிஎல்2எல்1 மரபணு செல்லைச் சாகவிடாமல் காப்பதால் அந்தச் செல்களே தட்டை நிரப்பிவிடும். ஜி-பேண்டிங் என்ற வழக்கமான குரோமோசோம் சோதனையில் சிறிய இரட்டிப்பு தப்பிவிடும். அதற்கென்று கியூபிசிஆரோ ஃபிஷ்ஷோ தனியாகச் செய்யவேண்டும். "என் வரிசை மட்டும் திடீரென்று நன்றாக வளர்கிறது" என்று மகிழ்ச்சி வந்தால் அன்றைக்கே சோதித்துவிடுங்கள். ஓராண்டு ஆர்கனாய்டு (லேபில் வளர்க்கும் குறு உறுப்பு) தரவு இப்படி ஒரே நாளில் குப்பைக்குப் போவது இந்தத் துறையில் அபூர்வமில்லை. பத்துப் பாசேஜுக்கு (பத்துத் தடவை பிரித்து நட்டதற்கு) ஒருமுறை குரோமோசோம் சோதனை, மாதம் ஒருமுறை மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரித் தொற்றுச் சோதனை, தொடக்கத்திலேயே இருபது குப்பி உறையவைத்த இருப்பு: இவ்வளவும் இருந்தால்தான் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது நண்பரிடம் தட்டை ஒப்படைக்காமல் ஃபிரீசரை நம்பிப் போகலாம். போவதற்குமுன் ஐ-20இல் பயணக் கையெழுத்தைப் பாருங்கள், அது ஓராண்டுதான் செல்லும்.

இந்த இரண்டு நாட்காட்டியும் முட்டிக்கொள்வது ஐந்தாமாண்டில். பிஎச்டிக்கு ஐ-20 பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு எழுதப்படும், இந்தத் துறையிலோ ஐந்தரை, ஆறு ஆண்டு சாதாரணம். நீட்டிக்கலாம், ஆனால் முடியும் தேதிக்கு முன்பே அலுவலர் நீட்டித்திருக்கவேண்டும். தேதி ஒரு நாள் கடந்தாலும் அந்தஸ்து போய்விடும். விதியில் ஏற்கப்படும் காரணங்களில் "எதிர்பாராத ஆய்வுச் சிக்கல்" என்பது வெளிப்படையாகவே இருக்கிறது. எலி வரிசை இறந்ததும் செல் வரிசை கெட்டதும் அதற்குள் அடங்கும். மதிப்பெண் குறைந்து எச்சரிக்கைக் காலத்தில் இருந்ததால் ஏற்பட்ட தாமதம் அடங்காது. ஆகவே ஆய்வேட்டுக் குழுவின் ஆண்டறிக்கையில் "நோய்த்தொற்றால் காலனி அழிந்தது, ஏழு மாதத் தாமதம்" என்று அப்போதைக்கப்போது எழுத்தில் பதியவையுங்கள். படிப்பு முடியும்வரை தங்கலாம் என்ற முறையை எடுத்துவிட்டு அதிகபட்சம் நான்காண்டு என்று வரம்பு வைக்கும் முன்மொழிவு 2025 ஆகஸ்டில் வெளியானது. நீங்கள் சேரும் ஆண்டில் எது நடப்பில் இருக்கிறது என்பதைச் சேர்ந்த வாரத்திலேயே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரி பற்றி ஒரு சிறு குறிப்பு, ஏனென்றால் பலர் இதில் பணத்தை விட்டுவிடுகிறார்கள். எஃப்-1 மாணவர் முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் வரிக்கணக்கில் வெளிநாட்டவர். படிவம் 1040-என்ஆர், கூடவே 8843. மற்ற வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்காத நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்), இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவால் இந்திய மாணவருக்குக் கிடைக்கும். இலங்கையிலிருந்து போகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. உள்நாட்டவருக்கான மென்பொருளில் கணக்கு போட்டால் தவறான படிவம் போய்விடும்.

கடைசி ஆறு மாதத்தில் ஆய்வேடு எழுதுவதோடு வேறு இரண்டு வேலையும் சேர்ந்து ஓடவேண்டும். படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து, படிப்புக்குப் பின் வேலை செய்ய அனுமதியான ஓபிடிக்கு விண்ணப்பிக்கலாம். முதலில் 12 மாதம், அறிவியல் பட்டம் என்பதால் பிறகு 24 மாத நீட்டிப்பு. ஓபிடி தொடங்கியபின் வேலையில்லாமல் மொத்தம் 90 நாளுக்குமேல் இருக்கக்கூடாது. ஆகவே போஸ்ட்டாக் (முனைவர்பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) இடம் அதற்குள் உறுதியாகவேண்டும். அந்தப் புது லேபுக்கு நீங்கள் உருவாக்கிய எலியையோ ஐபிஎஸ் வரிசையையோ கொண்டுபோக நினைத்தால் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் வேண்டும். நோயாளியின் செல்லிலிருந்து வந்த வரிசையென்றால் அவர் தந்த ஒப்புதல் படிவத்தில் வெளியே பகிர அனுமதி இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். சட்ட அலுவலகங்களில் அந்தக் காகிதம் மாதக்கணக்கில் கிடக்கும். ஓபிடி படிவத்தை அனுப்பும் அன்றைக்கே இதையும் அனுப்பிவிடுங்கள், எலியின் விந்தணுவை உறையவைக்கச் சொல்லும் படிவத்தோடு சேர்த்து.